மருந்தைக் கேட்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்: புதுச்சேரி மாடியில் மிளகாய்

முத்தியால்பேட்டையில் இரண்டாம் மாடியில் ஆறு பைகளில் மிளகாய் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சம்பா மூன்று, பஜ்ஜி மிளகாய் இரண்டு, காந்தாரி ஒன்று. பங்குனி வரை செழிப்பாக நின்ற செடிகள் சித்திரை பிறந்ததும் மாறிவிட்டன: நுனி இலைகள் சுருள்கின்றன, பூக்கள் காலையில் தரையில் கிடக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எப்சம் உப்பு போடச் சொல்கிறார், காணொளியில் புளித்த மோர் தெளிக்கச் சொல்கிறார்கள், உரக்கடைக்காரர் பெயர் தெரியாத ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். "இதில் எந்த மருந்தை அடிக்கட்டும்?" என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், இணையத்தில் வாங்கிய பூத் ஜோலோகியா விதை முளைக்கவே இல்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரு கேள்வி. அதற்குள் மூன்று இருக்கின்றன: இலை ஏன் சுருள்கிறது, பூ ஏன் கொட்டுகிறது, விதை ஏன் முளைக்கவில்லை. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. ஒரே பாட்டிலில் மூன்றையும் தீர்க்க முயல்வதால்தான் மாடித் தோட்டங்களில் மிளகாய் சாகிறது. நான் தோட்டக்கலை படித்துவிட்டு, கடலூர் மாவட்டத்தில் பல ஆண்டுகள் காய்கறி விவசாயிகளோடு வேலை செய்தவன். மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியிலும் மிளகாய் நிற்கிறது. ஆனாலும் நீங்கள் படம் அனுப்பவில்லை, உங்கள் செடியை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஆகவே "உங்கள் செடிக்கு இதுதான்" என்று சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், சந்தேகமானதைச் சந்தேகமாகவுமே எழுதுகிறேன்.

முதலில் இலை. மிளகாய் இலை சுருண்டால் எல்லோரும் "சுருட்டை நோய்" என்று ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். சுருட்டும் கைகள் பெரும்பாலும் மூன்று: இலைப்பேன், மஞ்சள் சிலந்தி, வெள்ளை ஈ கொண்டுவரும் வைரஸ். எது என்பதை இலை மடங்கும் திசையே பாதி சொல்லிவிடும். இலையின் இரு ஓரங்களும் மேல்நோக்கி எழும்பிப் படகு போல் குவிந்தால் இலைப்பேனைச் சந்தேகிக்க வேண்டும். ஓரங்கள் கீழ்நோக்கி மடங்கி, இலை குறுகி, காம்பு மட்டும் வழக்கத்துக்கு மாறாக நீண்டு, தளிர் கரகரப்பாக இருந்தால் அது சிலந்தியின் வேலை. இலைகள் மிகச் சிறியதாகி, நரம்புகள் தடித்து, நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பூத்து, கணுக்கள் நெருங்கிச் செடி புதர் போலக் குட்டையாக நின்றால் வைரஸ். இலைப்பேனும் சிலந்தியும் ஒரே செடியில் சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது ஒரு இலை மேல்நோக்கியும் இன்னொரு இலை கீழ்நோக்கியும் குழப்பமாக மடங்கும்.

திசையைப் பார்த்தபின் ஆளைப் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளை நுனித் தளிருக்கு அடியில் பிடித்து, தளிரை விரலால் நான்கைந்து முறை தட்டுங்கள். தாளை நிழலுக்குக் கொண்டுபோய் அரை நிமிடம் அசையாமல் பாருங்கள். முதலில் தூசி போலத்தான் தெரியும். பிறகு அந்தத் தூசியில் சில, மஞ்சளாக, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில், கமா குறி போன்ற மெல்லிய கோடுகளாக நகரத் தொடங்கும். அவைதான் இலைப்பேன்கள். விரலால் நசுக்கினால் தாளில் மெல்லிய மஞ்சள் கோடு விழும். இலையின் அடிப்பக்கத்தில் நடு நரம்பை ஒட்டி வெள்ளி பூசியதுபோல் பளபளப்பான கீறல்களும் இருக்கும், அது அவை சுரண்டிச் சாறு உறிஞ்சிய இடம். சிலந்தி இவ்வளவு எளிதில் அகப்படாது. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்; மருந்துக்குச் செலவிடும் காசில் அதுவே முதல் செலவாக இருக்கட்டும். இளம் இலையின் அடியில் மஞ்சளும் வெள்ளையுமாக, கண்ணாடி மணி போன்ற உருவங்கள் தெரிந்தால் சிலந்தி. வெள்ளை ஈக்கு லென்ஸ் வேண்டாம், செடியை அசைத்தால் பொடிப் பொடியாகப் பறந்து மறுபடி இலையடியில் உட்காரும்.

இலைப்பேன் வறண்ட வெயிலில் பெருகும். சிலந்தி ஈரமும் வெதுவெதுப்பும் கலந்த நாட்களை விரும்பும். நீங்கள் சித்திரையில் தொடங்கியது என்று சொல்வதால் என் ஊகம் இலைப்பேன் பக்கம் சாய்கிறது. ஆனால் இது ஊகம், தாளில் தட்டிப் பார்த்தபின் இதை நம்புங்கள். இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். 2021இல் ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் மிளகாய் வயல்களை அழித்த கறுப்பு இலைப்பேன் பெரும்பாலும் பூவுக்குள் தங்குவது. அதனால், விழுந்த பூ ஒன்றைப் பிரித்து அதே வெள்ளைத் தாளில் உதறிப் பாருங்கள். உள்ளிருந்து கறுப்பாக, மெலிதாகப் பல உருவங்கள் ஓடினால், பூ கொட்டுவதற்கு வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது.

இலைப்பேன் என்று தெரிந்தால் முதல் மருந்து தண்ணீர். குழாயில் விரலை வைத்து அழுத்தம் கூட்டி, இலையின் அடிப்பக்கம் படும்படி, காலையில் இரண்டு நாளைக்கு ஒருமுறை பீய்ச்சுங்கள். மிகவும் சுருண்ட நுனிகளைக் கிள்ளி, பையில் கட்டி, வெளியே போட்டுவிடுங்கள். கிள்ளியதை அதே தொட்டியில் மூடாக்காகப் போடாதீர்கள். இலைப்பேன் கூட்டுப்புழுப் பருவத்தை உதிர்ந்த இலைகளுக்கு அடியிலும் மேல்மண்ணிலும் கழிக்கிறது. சருகைக் கூட்டாமல் மருந்தை மட்டும் அடிப்பவர்களுக்கு ஒரு வாரத்தில் மறுபடி அதே கதை. பிறகு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மிதக்கும், ஓரிடத்தில் வெறும் எண்ணெய் விழுந்து இலை கருகும். முதலில் சில சொட்டு திரவ சோப்பை எண்ணெயோடு நன்றாகக் குழைத்து, பால் போல வெளுத்தபின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடியில் படும்படி, வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். ஒருமுறை அடித்துவிட்டு "பலனில்லை" என்று நிறுத்துவதுதான் வேப்பெண்ணெய்க்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறது. அது அடித்தவுடன் கொல்லும் மருந்து அல்ல. பூச்சி தின்பதையும் தோலுரிப்பதையும் முட்டையிடுவதையும் கெடுத்து மெதுவாகத்தான் எண்ணிக்கையைக் குறைக்கும். இலைப்பேனுக்கு நீல ஒட்டுப்பொறியும் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறியும் தொங்கவிடலாம். அவற்றால் பூச்சி ஒழியாது, கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

சிலந்தியாக இருந்தால், தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூள் நன்றாக வேலை செய்யும்: 80 சதவீதத் தூளில் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாட்களில் அது இலையைச் சுட்டுவிடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் கூடாது. ஆகவே கத்திரி வெயிலில் அதைத் தொடாதீர்கள், நுனியைக் கிள்ளிவிட்டு வேப்பெண்ணெயோடு நிற்பதே அப்போது சரி. வைரஸ் என்றால் மருந்தே இல்லை. யார் எந்தப் பாட்டிலைக் காட்டினாலும் இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி மூடிய பையில் போட்டு அகற்ற வேண்டும், மற்றச் செடிகளில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்த வேண்டும். பிடுங்க மனம் வரவில்லை, சந்தேகமாகவும் இருக்கிறது என்றால் ஒரு சோதனை செய்யுங்கள்: செடியைத் தனியே ஒதுக்கி, நுனிகளைக் கிள்ளி, மூன்று வாரம் பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள். புதுத் தளிர் நேராக விரிந்தால் பூச்சிதான் காரணம். புதிதாக வருவதும் சுருங்கி மஞ்சளித்தே வந்தால் வைரஸ், அப்போது தயங்காதீர்கள்.

கடைக்காரர் கொடுத்த பாட்டிலைப் பற்றி: பெயர்ச்சீட்டு இல்லாத எதையும் சாப்பிடும் செடியில் அடிக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வீட்டு மிளகாயை நாம் கழுவியும் கழுவாமலும் பறித்தவுடனே தாளிப்பில் போடுகிறோம், குழந்தைகள் மாடியில் விளையாடுகிறார்கள். மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் நச்சுப் பூச்சிமருந்துகளைக் காய்கறியில் பயன்படுத்தத் தடையே இருக்கிறது. இன்னொரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. பைரித்ராய்டு எனப்படும் கடுமையான செயற்கைப் பூச்சிமருந்து வகைகளை அடித்தால், சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகள் முதலில் சாகும், சிலந்தி முன்பைவிட வேகமாகப் பெருகும். "மருந்து அடித்தேன், சுருட்டை அதிகமாகிவிட்டது" என்று புலம்பும் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

இனி பூ. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கக்கூடியது, தேனீ வந்தால் நல்லது, வராவிட்டாலும் காற்றில் அசைந்தாலே போதும். ஆனால் மகரந்தம் உயிரோடு இருக்க வேண்டும். பகல் வெப்பநிலை 32, 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் வலுவிழக்கிறது. கரு பிடிக்காத பூவைச் செடி தாங்கிக்கொண்டிருக்காது. காம்பு மஞ்சளாகி, கணுவோடு சேரும் இடத்தில் சுத்தமாகக் கழன்று விழும். நம் ஊரில் மே மாதம் இரவு எவ்வளவு புழுங்கும் என்று உங்களுக்கே தெரியும். மே 4 முதல் 28 வரை என்று நாட்காட்டியில் அச்சிட்டிருக்கும் அக்னி நட்சத்திர நாட்களில் இங்கே இரவும் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே அந்த நாட்களில் பூ கொட்டுவது நோயின் அடையாளம் அல்ல. மருந்து தேடவும் வேண்டாம். செடியை உயிரோடு கடத்தினால் போதும். காந்தாரியும் ஊசி மிளகாயும் இந்த வெயிலைச் சற்று நன்றாகத் தாங்குகின்றன, பஜ்ஜி மிளகாயும் குடைமிளகாயும்தான் முதலில் பூவை உதிர்க்கும். இது நான் கண்டுவந்தது. உங்கள் மாடியில் காந்தாரி மட்டும் காய் பிடித்திருந்தால் அதுவே வெயில்தான் காரணம் என்பதற்கு ஒரு சாட்சி.

கடத்துவது எப்படி? மதியம் ஒரு மணிக்கு மேல் நிழல் விழும்படி 35 அல்லது 50 சதவீத நிழல்வலையைக் கட்டுங்கள், காலை வெயில் முழுவதும் படட்டும். நாள் முழுக்க நிழலில் வைத்தால் செடி நெடுநெடுவென்று வளர்ந்து பூவே வைக்காது. கறுப்புப் பையில் இருந்தால் வெளியே வெள்ளைச் சாக்கைச் சுற்றுங்கள், மாடித் தளத்தின் சூடு வேருக்கு ஏறாமல் பையைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மேல்மண்ணில் நோயில்லாத காய்ந்த இலையோ தென்னை நாரோ இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இந்த மாதத்தில் தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம். வெயில் தணிந்து ஆடி பிறக்கும்போது, மாலை இடிமழை ஒன்றிரண்டு பெய்ததும், செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிக் கவாத்து செய்து, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கொடுங்கள். ஐந்தாறு வாரத்தில் புதுக்கிளையில் பூ வரும். மிளகாயை ஒரு பருவத்துப் பயிராகவே நினைத்துப் பிடுங்கிவிடுகிறோம். தொட்டியில் அது இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நின்று காய்க்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, நீங்கள் எழுதாமல் விட்டதும் நான் மிக அதிகமாகக் கவலைப்படுவதும் ஒன்று இருக்கிறது: தண்ணீர். முத்தியால்பேட்டையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலோரத்துப் பல பகுதிகளில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பு உள்ளே ஏறியிருக்கிறது. மிளகாய் உப்பைத் தாங்காத பயிர்களோடு சேர்ந்தது. நீரில் உப்பு கூடக் கூட அதன் மின்கடத்தும் திறனும் கூடும்; பாசன நீரில் அது மீட்டருக்கு 1 டெசி சீமன்ஸ் வரை இருந்தால் விளைச்சல் குறையாது, 1.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு குறையும், 2.2 ஆனால் கால் பங்கு, 3.4ஐத் தொட்டால் பாதி போய்விடும். இது வேளாண் அறிவியலில் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட கணக்கு. குடிநீர் வடிகட்டி பழுதுபார்க்க வருபவர் கையில் வைத்திருக்கும், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால், ஏறக்குறைய 650, 950, 1,400, 2,200 என்று இந்த நான்கு எண்களும் வரும். வயலில் மழை வந்து உப்பைக் கழுவும், ஆழத்துக்கு இறக்கும். பைக்குள் அதற்கு வழி குறைவு. தினமும் ஊற்றும் தண்ணீர் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்குகிறது. மார்கழியில் நன்றாயிருந்த செடி சித்திரையில் முகம் சுளிக்க இதுவும் ஒரு காரணம். நான்கு மாதத்து உப்பு அதற்குள் சேர்ந்திருக்கிறது.

அடையாளம் பையிலேயே தெரியும். விளிம்பிலும் அடித்துளைகளைச் சுற்றியும் வெள்ளைப் படலம் படிந்திருக்கிறதா? முதிர்ந்த இலைகளின் ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகி, நடுப்பகுதி பச்சையாக இருக்கிறதா? மண் ஈரமாக இருந்தும் மதியத்தில் செடி துவள்கிறதா? இவற்றில் இரண்டு பொருந்தினால் எந்தப் பூச்சிமருந்தைவிடவும் தண்ணீரை மாற்றுவதே அவசரம். நகராட்சிக் குடிநீர் இருந்தால் அதையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை, வாளியில் பிடித்துப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை "வீணாகப் போகிறதே" என்று செடிக்கு ஊற்றாதீர்கள், வடிகட்டியில் ஒதுங்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பழக்கம் இன்னொன்று: கருவாடு கழுவிய தண்ணீரைச் செடிக்கு விடுவது. பச்சை மீன் கழுவிய நீர் பரவாயில்லை, எறும்பும் நாற்றமும்தான் தொல்லை. கருவாட்டு நீர் நேரான உப்புநீர். மேலும், ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத் தெளிக்காமல், அடியில் ஐந்தில் ஒரு பங்கு வடியும்வரை நிறைய ஊற்றி, மேல்மண் ஒரு விரல்கணு காயும்வரை காத்திருந்து மறுபடி ஊற்றுங்கள். வடியும் நீரோடு உப்பும் போகும். ஒரு நாள் காய விட்டு ஒரு நாள் குளம் கட்டினாலும் பூ கொட்டும், காயின் நுனி கறுத்து அழுகும். அப்போது முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு கரைந்து சுண்ணாம்புச்சத்து வேருக்குக் கிடைக்க மாதங்கள் ஆகும். அந்த அழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் வேருக்குச் சீரான ஈரம் கிடைக்காததே.

இந்த இடத்தில் எப்சம் உப்புக்கு வருகிறேன். அது மக்னீசியம் சல்பேட். முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் தெரியும்போது, மக்னீசியம் குறைந்த மண்ணில், அது பலன் தரும். நம் கடலோர ஆழ்துளை நீரில் மக்னீசியம் பெரும்பாலும் போதிய அளவு ஏற்கெனவே இருக்கிறது. உப்பு மிகுந்த பையில் மேலும் ஒரு உப்பைக் கொட்டுவது வேருக்குச் சுமை. சுருட்டைக்கும் பூ உதிர்வுக்கும் அதனால் தீர்வு கிடைக்கும் என்று நான் நம்பவில்லை. புளித்த மோர், தேங்காய்ப்பால் கலந்த தேமோர் கரைசல் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். பூ நிற்கிறது என்று சொல்லும் விவசாயிகள் பலரை எனக்குத் தெரியும், அவர்கள் பொய் சொல்பவர்கள் அல்லர். ஆனால் அவர்கள் தெளித்த வாரத்திலேயே வெயிலும் இறங்கியிருக்கும், ஆகவே எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். பத்து மடங்கு நீர் சேர்த்து, நன்றாக வடிகட்டி, மாலையில் தெளித்தால் கெடுதல் இல்லை. உப்புப் போட்ட மோர் மட்டும் கூடாது. மூன்று சதவீதப் பஞ்சகவ்யத்தையும், மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் ஊறவைத்த மீன் அமிலத்தையும் வளர்ச்சிக்காக நானும் பயன்படுத்துகிறேன். மீன் அமிலம் லிட்டருக்கு 5 மில்லிக்கு மேல் வேண்டாம், அது தழைச்சத்து மிகுந்தது. இலை கரும்பச்சையாகக் கொழுத்து, பூவே இல்லாமல் நிற்கும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள், உரத்தில் காட்டிய தாராளம் அப்படித்தான் முடியும்.

பையும் மண்ணும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு செடிக்கு ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பை குறைந்த அளவு. செம்மண், மக்கிய தொழுவுரம், தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் இரண்டு தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும், உப்பு அதிலும் உண்டு. கடற்கரை மணலை வடிகாலுக்கு என்று கலக்காதீர்கள். முன்பு கத்திரியோ தக்காளியோ நின்ற மண்ணில் மிளகாயை வைக்காதீர்கள், மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் வாடல் நோயும் நூற்புழுவும் மற்றதற்குச் சொத்தாகப் போய்ச் சேரும். புகையிலை தொட்ட கையோடு செடியைக் கிள்ளக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதீர்கள். புகையிலையின் தேமல் வைரஸ் கைவழியே மிளகாய்க்கு வருவது உண்மை.

மாதக் கணக்கை நம் கரைக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும். கோவைக்காரரும் பெங்களூருக்காரரும் சொல்லும் அட்டவணை இங்கே உதவாது. மார்கழிக் கடைசியில் விதைத்து, 35 முதல் 40 நாள் நாற்றை மாசியில் நட்டால், வெயில் முற்றும் முன் முதல் காய்ப்பு கிடைத்துவிடும். பிறகு முன்பு சொன்ன ஆடிக் கவாத்து. புதிதாகத் தொடங்குபவர் ஆடியில் விதைத்து, ஆவணியில் நட்டு, ஐப்பசி மழைக்குள் தண்டை முற்றவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழை நமக்கு விளையாட்டல்ல. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு முன் பைகளைச் சுவரோரம் நெருக்கி வைத்து, அடித்துளைகள் அடைபடவில்லையா என்று குச்சியால் குத்திப் பார்த்துவிட வேண்டும். காற்றில் ஒடிந்த கிளை மறுபடி துளிர்க்கும். இரண்டு நாள் நீரில் ஊறிய வேர் அழுகினால் செடி திரும்பாது. மழை விட்டதும், வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்த மக்கிய உரத்தை ஒரு கைப்பிடி போடுங்கள், மழை கழுவிக்கொண்டுபோன சத்துக்கும் அது ஈடாகும். மழையால் ஒரு நன்மையும் உண்டு: கோடையில் பையில் சேர்ந்த உப்பெல்லாம் கழுவப்பட்டு, தை மாதத்துச் செடி தெளிந்து நிற்கும்.

விதையைப் பற்றி ஒரு வார்த்தை. கடலூர்–பண்ருட்டி சாலையில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பி.எல்.ஆர். 1 மிளகாய் அங்கிருந்து வந்த ரகம்தான். நம் மண்ணிலும் காற்றிலும் தேர்ந்தெடுத்த ரகம் பக்கத்திலேயே இருக்கும்போது, எங்கோ விளைந்த கலப்பின விதையை வண்ணப் படத்தைப் பார்த்து வாங்குவானேன்? மளிகைக் கடை வற்றலிலிருந்து எடுத்த விதையும் முளைக்கும். ஆனால் அது எந்த ரகம், எத்தனை வெயிலில் காய்ந்தது என்பது தெரியாது. உங்கள் செடியிலிருந்தே விதை எடுக்க நினைத்தால், சம்பாவும் பஜ்ஜி மிளகாயும் அருகருகே நிற்பதை மனத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே இனம், தேனீ வழியே கலக்கும். பூ விரியும் முன் ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டி, அதில் பிடிக்கும் காயை மட்டும் விதைக்கு விடுங்கள். "பக்கத்தில் கார மிளகாய் இருந்தால் பஜ்ஜி மிளகாய் காரமாகிவிடும்" என்பது மட்டும் உண்மையில்லை. காரம் ஊறுவது விதையைத் தாங்கும் வெண்ணிறச் சதையில். அது தாய்ச்செடியின் திசு, எந்த மகரந்தம் வந்தாலும் இந்தக் காயில் மாறாது. கலப்பின் விளைவு அந்த விதையை நட்டு வரும் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். உங்கள் பஜ்ஜி மிளகாய் இந்தக் கோடையில் காரமாக இருந்தால், தண்ணீர்த் தவிப்பும் வெயிலும் காரணமாக இருக்கலாம். பல ரகங்களில் அப்படி ஏறுகிறது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அல்ல.

கடைசியாக உங்கள் பூத் ஜோலோகியா. அசாம், நாகாலாந்து, மணிப்பூர்ப் பக்கத்து மிளகாய் அது. 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாய் என்று கின்னஸ் பதிவில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சத்தைத் தாண்டியது. சம்பா விதை ஏழு முதல் பத்து நாளில் முளைக்கும் பழக்கத்தில் நீங்கள் இதையும் இரண்டு வாரத்தில் கைவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதற்கு மூன்று வாரம் சாதாரணம், ஐந்து வாரமும் ஆகும். அதுவரை நார்க்கழிவு ஈரமாகவும் 28 டிகிரி அளவில் வெதுவெதுப்பாகவும் இருக்க வேண்டும், நேர்வெயிலில் வைத்த குழித்தட்டு மதியத்தில் வெந்துவிடும். விதை எவ்வளவு பழையது என்பதும் முக்கியம். இணையத்தில் பொட்டலம் கட்டிய தேதி இல்லாமல் விற்கும் விதையில் பாதி முளைத்தாலே நல்லது. மீதமுள்ள விதையை ஆடியில், நன்மை செய்யும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூள் ஒரு சிட்டிகையில் புரட்டி, வீட்டுக்குள் வெளிச்சமான சன்னலோரம் விதையுங்கள். மழைக்காலம் முழுதும் நேராகச் சொட்டாத இடத்தில், தகரக் கூரையின் கீழ் வைத்து வளர்த்தால், தை, மாசி மாதங்களின் இதமான இரவுகளில் பூவும் காயும் நிற்கும். பங்குனிக்குள் பழுத்தால் உண்டு, அதற்கு மேல் நம் வெயிலில் அதன் பூ நிற்பது அரிது.

அது காய்க்கும் நாளில் கையுறை இல்லாமல் அறுக்காதீர்கள், விதை எடுக்கும்போதும் சரி. காரம் ஒட்டிய கையைத் தண்ணீரில் கழுவினால் பரவும், அது தண்ணீரில் கரையாது. முதலில் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வாயில் எரிந்தால் பால் அல்லது தயிர். இப்போதைக்கு, இன்று மாலை வெள்ளைத் தாளில் தட்டிப் பார்த்ததையும் டி.டி.எஸ். எண்ணையும் இங்கேயே எழுதுங்கள், இலையின் மேற்புறம், அடிப்புறம் இரண்டின் படத்தோடு. தாளில் எதுவும் தெரியாமல் குழப்பமாகவே இருந்தால், சுருண்ட நுனி ஒன்றை மூடிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, குருமாம்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு நாள் தாமதித்தால் உறைக்குள் இலை வெந்து, பூச்சியும் அடையாளம் தெரியாமல் போய்விடும்.